முதுகு வளையாமல்

"பெண்டாட்டி படுத்த படுக்கையா கிடக்கா. இவருக்கு விளையாட்டு கேக்குது, விளையாட்டு!"

வாசலில் செருப்பை உதறும்போதே அக்கா பொரிந்தாள்.

முன்னறையில் தங்கை புருஷன், கோல்ஃப் மட்டை ஒன்றை முதுகெலும்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார். அப்புறம் காலை அகட்டி நின்று, இடுப்பை இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு.

"என்ன கூத்து மாப்பிள்ளை இது?"

"கோல்ஃபுக்குத்தான் அண்ணி! இடுப்பு இறுகிப்போச்சு. அது இளகினாத்தான் வீச்சு சரியா வரும்னு பயிற்சியாளர் சொல்றார்!"

உள்ளறைக்குக் கேட்கட்டும் என்றே குரலை உயர்த்திச் சொன்னார்.

"நல்லா உரக்கச் சொல்லுங்க, அவ காது குளிரட்டும். வெளியே வேன் நிக்குது. அவளைப் பராமரிப்பு இல்லத்துல சேர்க்கப் போறேன்."

மட்டை கையிலிருந்து நழுவியது.

"யாரைக் கேட்டு?"

"அவளேதான் கேட்டா. 'என்னை எங்கேயாவது சேர்த்துடு அக்கா'ன்னு போன்ல ஒரே அழுகை. இங்கே என்ன பாடு படுத்தினீங்களோ!"



வேன் ஆட்கள் சக்கர நாற்காலியோடு கட்டிலருகே வந்தார்கள்.

"நான் தூக்கறேன்" என்றார் அவர்.

"எதுக்கு? போன தடவை மாதிரி கீழே போடவா?"

முதுகு பிடித்துக்கொண்டு, அவளையும் போட்டுத் தானும் விழுந்த கதை சொந்தக்காரர் எல்லாருக்கும் தெரியும். அதிலிருந்து தங்கை அவரைத் தூக்கவே விடுவதில்லை. ஆனால் இன்றைக்கு, "தூக்கட்டும் அக்கா, கடைசியா ஒருதரம்" என்றாள்.

காலை அகட்டினார். முதுகு துளி வளையவில்லை. இடுப்பு மட்டும் மடங்கியது. அணைத்துத் தூக்கி, ஒரே திருப்பு. ஒரு முனகல் இல்லாமல் அவள் நாற்காலியில் இருந்தாள்.

"பரவாயில்லையே! இனி நல்லா ஆடுவீங்க" என்று சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள் தங்கை.

அவளை வேனில் ஏற்றியபின்தான் மருந்துப் பை ஞாபகம் வந்தது. அக்கா திரும்பி ஓடினாள். அது மூலையில், கோல்ஃப் பைக்குப் பின்னால் கிடந்தது. கோல்ஃப் பையை இழுத்தாள். அசைவேனா என்றது. ஜிப்பைத் திறந்தால் மட்டையே இல்லை. கழுத்துவரை மணல் மூட்டை. அதற்குத் தங்கையின் பழைய நைட்டியைச் சுற்றியிருந்தது.

"அவ எடைதான் அண்ணி." பின்னால் அவர். "மட்டையெல்லாம் எப்பவோ கொடுத்துட்டேன், அந்த ஒண்ணைத் தவிர. கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு, இதைத்தான் தூக்கித் தூக்கிப் பழகினேன்."

"இதை அவகிட்ட சொல்றதுக்கென்ன, பாவி மனுஷா?"

"சொன்னா, 'என்னால உங்களுக்கு இந்த வயசுல இவ்வளவு கஷ்டமா'ன்னு உருகிப்போவா. விளையாட்டுன்னு சொன்னா சந்தோஷப்படுவான்னு நினைச்சேன்." தரையில் கிடந்த மட்டையை எடுத்துச் சுவரில் சாய்த்தார். "மறுபடி போட்டுடுவேன்னு பயந்துதானே போறா? பயப்படாம என்ன செய்வா. சொல்லிடாதீங்க அண்ணி. அவமேல ஆணையா."

வெளியே ஹாரன் அடித்தது.

வேன் கிளம்பியது. தங்கை கண்ணாடி வழியே வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருமுனை திரும்பியதும் அக்காவின் கையைப் பிடித்தாள். கையெல்லாம் மணல்.

"அவரைத் திட்டாதே அக்கா. உயிரா நினைச்ச ஆட்டத்தை எனக்காக விட்டவர். மறுபடி பயிற்சிக்குப் போறேன்னு என்னிக்கு வந்து சொன்னாரோ, அன்னிக்குத்தான் உனக்கு போன் பண்ணேன். இனியாவது நிம்மதியா ஆடட்டுமே!"