கிழிந்த கையுறை

"படமா சார் அது? மூணாம் பாகம் வேணும்னு இங்க யாரு அழுதா?" என்றான் ஜெபர்சன்.

அவன் வாயைப் பொத்திவிடலாமா என்று இருந்தது அருள்பாண்டிக்கு. இன்னும் கால் மணி நேரத்தில் விசாரணை. வேலை நிலைக்குமா, போகுமா என்று தெரிந்துவிடும். துணைக்கு உடன் வேலை செய்பவர் ஒருவரை அழைத்து வரலாம் என்றார்கள். வேறு ஷிஃப்ட் என்றாலும் நல்ல சிநேகிதனாயிற்றே என்று பிள்ளைப்பாக்கத்து ஜெபர்சனைக் கூட்டி வந்தான். அவனோ எதிர் பெஞ்சில் இருந்த சூப்பர்வைசர் ராஜசேகரிடம் சினிமா பேசிக்கொண்டிருந்தான். அருள்பாண்டிக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்திருக்கும் ஒரே ஆள் அவர்தான்.

தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷினின் வாயில் 'லைட் கர்ட்டன்' என்று ஒன்று உண்டு. இந்தப் பக்கத் தூணிலிருந்து அந்தப் பக்கத் தூணுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள் போய்க்கொண்டே இருக்கும். கை குறுக்கே போனால் கதிர் அறுபடும். அறுபட்ட கணமே மெஷின் நின்றுவிடும். வெள்ளிக்கிழமை காலையில் அது அணைந்து கிடந்தது. பத்து இருபதுக்குக் கொம்பையாவின் இரண்டு விரல்கள் நசுங்கின.

"எட்டரைக்குச் சாவி போட்டு அத அணைச்சது சூப்பர்வைசர்தான். 'சும்மா சும்மா நின்னுகினே கீது, இப்டியே ஓட்டு, வந்துடறேன்'னு போனவரு, விபத்து நடக்கும்போது அங்க இல்ல." இது அருள்பாண்டி சொன்னது.

"ஒன்பது முதல் பதினொன்றரை வரை அந்த மெஷின் பக்கத்திலேயே நின்றேன். அருள்பாண்டிதான் சாவியை எடுத்து அணைத்தான். நான் தடுப்பதற்குள் விபத்து நடந்துவிட்டது." இது ராஜசேகர் எழுதிக் கொடுத்தது. காலை ஆறுக்கு உள்ளே, மதியம் இரண்டரைக்கு வெளியே என்று கேட்டில் தேய்த்த அவருடைய கார்டும் அதையே சொன்னது. நடுவில் போய் வரும் சூப்பர்வைசர்களிடம் கேட்டில் யாரும் கார்டு கேட்பதில்லை. மூலை மெஷின், வேறு ஆள் கிடையாது. ஒப்பந்தத் தொழிலாளியான கொம்பையா, ஆஸ்பத்திரியில் வாயைத் திறக்கவே பயந்தான்.

"'சங்கேதன்' உனக்குப் புரியலன்னு சொல்லு," என்றார் ராஜசேகர். "மூணு பாகத்துல இதான்யா டாப்பு."

"இன்னா டாப்பு? ரெண்டாம் பாகத்துல ஹீரோ ஒரு ஊசிய வச்சிகினு பூட்டத் தெறந்தான். எப்டித் தெறக்கறான்னு பொறுமையா காட்னாங்க. இதுல போன்ல ஒரு தட்டு, எல்லாக் கதவும் தொறந்துக்குது. அவன் உளவாளியா சார், வாட்ச்மேனா?"

ராஜசேகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காலம் மாறிப்போச்சு தம்பி."

"எப்ப சார் பாத்தீங்க?"

"ஞாயித்துக்கிழம. வூட்ல எல்லாரும் போனோம்."

"நாங்களும் ஞாயித்துக்கிழமதான். மனசு மாறட்டும்னு இவன இழுத்துகினு போனேன். பாதில தூங்கிட்டான்."

"லே ஜெபர்சா, இப்பம் இது ரொம்ப முக்கியமாலே?" என்று பல்லைக் கடித்தான் அருள்பாண்டி. "எம் பொழப்பு ஊசலாடுது."

"நீ இருடா. சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பதில் சொல்லிட்டீங்கன்னா படம் சூப்பர்னு ஒத்துக்கறேன். கடைசிச் சண்டைல ஹீரோவோட க்ளவுஸ் கிழிஞ்சு தொங்குது. அதுக்கு முந்தின சீன்ல பளபளன்னு புதுசா கீது. நடுவுல எப்டி கிழிஞ்சிச்சு? டைரக்டர் கோட்ட வுட்டாரு, அவ்ளோதான்."

அருள்பாண்டிக்கும் அன்று அந்தச் சந்தேகம் வந்தது. கண் அசந்த நேரத்தில் கிழிந்திருக்கும் என்று விட்டுவிட்டான்.

"நீயும் தூங்கிட்டியா?" ராஜசேகர் எழுந்தே விட்டார். "பிரஸ் ஷாப் சண்டைலதான்யா கிழியுது! வில்லன் இவன பெரிய பிரஸ்ஸுக்கு அடில கட்டிப் போட்டு பட்டனத் தட்றான். மேலருந்து எறங்குது. கை ரெண்டும் கட்டிகீது. இன்னா பண்ணுவான்? க்ளவுஸப் பல்லால கடிச்சுக் கிழிச்சு, அந்தத் துண்ட லைட் கர்ட்டனுக்குக் குறுக்க துப்பறான்! கதிர் அறுந்துச்சு. மூஞ்சிக்கு ஒரு சாண் மேல வந்து நின்னுச்சு மெஷினு. தியேட்டரே எழுந்து நின்னு விசிலடிச்சுது! நம்ம வேல தெரிஞ்சவன் எழுதின சீன்யா அது."

தன் கையையே பல்லால் கடித்து, தலையைச் சிலுப்பி, காற்றில் துப்பியும் காட்டினார். இவ்வளவு தெரிந்தவர்தானே அன்று அதை அணைத்துவிட்டுப் போனார் என்று நினைத்துக்கொண்டான் அருள்பாண்டி.

கதவு திறந்தது. விசாரணை அதிகாரி லிடியா, கையில் கோப்புடன் நின்றார்.

"என்ன இவ்வளவு சத்தம்? எனக்கு உள்ளே எல்லாம் கேட்குது."

"ஒண்ணுமில்ல மேடம். சும்மா, சினிமாப் பேச்சு." ராஜசேகர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

ஜெபர்சன் எழுந்தான். சிரிப்பெல்லாம் எங்கோ போயிருந்தது. "மேடம், சார் இப்ப சொன்னத அப்டியே எழுதிக்குங்க."

"சினிமாக் கதையையா?"

"ஆமா மேடம். நான் ரசிகர் மன்றத்துல கீறேன். படம் ரொம்ப நீளமா கீதுன்னு மொத ஷோ முடிஞ்ச கையோட எட்டு நிமிஷத்த வெட்டிட்டாங்க. அதுக்கப்புறம் அந்தப் பிரஸ் சண்டைய எந்தத் தியேட்டர்லயும் யாரும் பாக்கல."

முகம் துடைத்துக்கொண்டிருந்த ராஜசேகரின் கை, கதிர் அறுந்த மெஷின்போல அப்படியே நின்றது.

"அந்த மொத ஷோ எப்ப தெரியுமா மேடம்? விபத்து நடந்த அதே வெள்ளிக்கிழம காலைல, ஒம்பது மணிக்கு."