எங்கள் வருங்கால வெல்டர்

“நீங்கெல்லாம் ஒரு அப்பாவா?”

வாடகை ட்ரைசைக்கிளிலிருந்து இறங்கியதும் மிலாக்ரோஸ் டீச்சர் கேட்ட முதல் கேள்வி இதுதான். வணக்கமெல்லாம் அப்புறம்தான்.

நெஸ்டோரின் வெல்டிங் பட்டறை வாசலை அடைத்துக்கொண்டு ஒரு ஃப்ளெக்ஸ் தொங்கியது. அதில் அவர் மகள் ரோவெலின் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே கொட்டை எழுத்தில்: ‘வாழ்த்துகள்! எங்கள் வருங்கால வெல்டர்!’

படாங்காஸ் ஊர்ப்பக்கம் பிள்ளை எதில் ஜெயித்தாலும் வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டிவிடுவார்கள். நர்ஸ், கப்பல் மாலுமி, அழகிப் போட்டியில் மூன்றாம் இடம் என்று டீச்சர் எத்தனையோ பார்த்திருக்கிறார். பத்தாவதில் பள்ளிக்கே முதலாவதாக வந்த பெண்ணை வெல்டர் என்று எழுதித் தொங்கவிட்ட அப்பனை இப்போதுதான் பார்க்கிறார்.

பதினோராம் வகுப்பில் எந்தப் பிள்ளை எந்தப் பிரிவு எடுக்கலாம் என்று வழிகாட்டுவது டீச்சரின் வேலை. இன்று மாலையோடு சேர்க்கை முடிகிறது. சயன்ஸில் சேர வேண்டியவள் தொழிற்பிரிவில் வெல்டிங்குக்குப் பெயர் கொடுத்துவிட்டாள் என்று ஆபீசில் சொன்னதும், சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்திருந்தார்.

“சாப்பிட்டீங்களா மேடம்?” என்றார் நெஸ்டோர்.

“பேச்சை மாத்தாதீங்க. பட்டறைக்குச் சம்பளமில்லாத ஆள் வேணும்னா, பெத்த பொண்ணுதான் கிடைச்சாளா?”

நெஸ்டோர் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். எதிர்க்கடை பாசிங் அக்கா, சர்க்கரையில் புரட்டிய வாழைப்பழ வறுவலை ஒரு தட்டில் கொண்டுவந்தாள். கொடுக்க வந்தவள் அங்கேயே நின்றுகொண்டாள்.

“நானும் சொன்னேன் மேடம். முதல் மார்க் வாங்கின பொண்ணு, வெல்டிங் குச்சியைத் தூக்கலாமா?”

டீச்சரின் போன் அடித்தது. பள்ளிக் காவலாளி.

“மேடம், ஏணி கிடைக்கலை.”

“பக்கத்துச் சர்ச்சுல கேட்டு வாங்குங்க. சீக்கிரம் கட்டி முடிங்க” என்று போனை வைத்த டீச்சர், திட்டை விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்.

“பெத்தவங்க கூட்டத்துல தொண்டை கிழியக் கத்தினேனே, காதுல விழலையா? நம்ம ஆசையைப் பிள்ளை தலையில கட்டக்கூடாது. உனக்கு என்ன பிடிக்கும்னு உக்கார வச்சுக் கேக்கணும். கேட்டீங்களா?”

“கேட்டேன் மேடம்.”

நெஸ்டோர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“என்ன, அழறீங்களா?”

“இல்லை மேடம், வெல்டிங் வெளிச்சம் பட்டுடுச்சு.”

“இன்னிக்கு மெஷினே போடலையேப்பா” என்றபடி உள்ளேயிருந்து வந்தாள் ரோவெலின்.

டீச்சர் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டார். தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

“பயப்படாதேம்மா. அப்பா முகத்தைப் பாக்காதே, என்னைப் பாரு. மனசுல இருக்கறதைச் சொல்லு. நீ எது சொன்னாலும் நான் உன் பக்கம். இந்தப் பாசிங் அக்கா சாட்சி.”

பாசிங் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

“நிஜமாவா மேடம்?” என்றாள் ரோவெலின்.

“சத்தியமா.”

“வெல்டிங்தான் மேடம். கடலுக்குள்ள இறங்கி, கப்பலுக்கு அடியில வெல்டிங் பண்றவங்க இருக்காங்க. எனக்கு அதான் வேணும்.”

“தண்ணிக்குள்ள நெருப்பா?” டீச்சரின் கை அவள் தோளிலிருந்து தானாக இறங்கியது.

“நானும் இதையேதான் கேட்டேன் மேடம்” என்றார் நெஸ்டோர் பரிதாபமாக.

“அப்பா வேணாம்னுதான் சொன்னார்” என்றாள் ரோவெலின். “நான் நடக்கக் கத்துக்கிட்டதுலேர்ந்து கனடாவுல நர்ஸுன்னு சொல்லிட்டு இருந்தவர். ரெண்டு நாள் சரியா சாப்பிடலை. உங்க கூட்டத்துக்கு வந்துட்டுப் போனப்புறம்தான் என்னை உக்கார வச்சுக் கேட்டார்.”

“அப்ப இந்த ஃப்ளெக்ஸ்?”

“ஊர்ல நாலு பேர் பின்னால பேசுவாங்க மேடம்” என்றார் நெஸ்டோர். “அவங்களுக்கு எதுக்குச் சிரமம்? நானே முன்னால எழுதிக் கட்டிட்டேன். என் பொண்ணு தலை குனிஞ்சு நடக்கக்கூடாது பாருங்க.”

பாசிங் அக்கா சட்டென்று வறுவல் தட்டில் ஏதோ தேட ஆரம்பித்தாள்.

டீச்சருக்கு வெட்கமாகிவிட்டது. இந்த மனிதரையா அப்படிக் கேட்டோம்? இருந்தாலும் டீச்சர் டீச்சர்தானே?

“இதை ஏம்மா என்கிட்ட முன்னாடியே சொல்லலை?”

“நீங்க எங்கே மேடம் கேட்டீங்க? ‘சயன்ஸ்தானே?’ன்னீங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, ‘போட்டோ எடுக்கணும், சிரி’ன்னுட்டீங்க.”

டீச்சரின் முகம் மாறியது. அதே நேரம் போன் மறுபடி அடித்தது. பதற்றத்தில் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது.

“மேடம், ஏணி கிடைச்சுது! பள்ளிக்கூட வாசல்ல ஃப்ளெக்ஸ் கட்டியாச்சு!” காவலாளியின் குரல் தெருவெல்லாம் கேட்டது. “காத்துல ரோவெலின் பாப்பா முகம்தான் மடங்கி மடங்கி மறைஞ்சு போகுது. ஆனா, ‘எங்கள் பள்ளியின் வருங்கால டாக்டர்’ங்கறது எட்டு ஊருக்குத் தெரியுது மேடம்!”