டொரொன்டோ நேரம்

பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியின் நான்காவது தளத்தில் காலைப் பத்தேகால் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை லேப்டாப் மீது கோடு கோடாகப் போட்டிருக்கிறது. திரையில், மனைவி சாந்தமேரி உயிரோடிருந்தபோது ஆரம்பித்த குடும்ப இணையதளம். அவள் போன பிறகு கிரிகரி இதைத் திறப்பது இதுவே முதல் தடவை. அவளுடைய முதலாண்டு நினைவுத் திருப்பலி அறிவிப்பை ஏற்ற வேண்டும். தளமோ மணி 10:15 என்று சரியாகக் காட்டிவிட்டுப் பக்கத்திலேயே 'இரவு வணக்கம்' என்கிறது. அவருக்கு எரிச்சலாக வருகிறது. காப்பி ஆடை கட்டிக் கிடக்கிறது. போன் ஸ்பீக்கரில் செர்வர் நிறுவனத்துப் பெண் பேசுகிறாள்.

"அங்கிள், சைட்டோட பிஎச்பி செட்டிங்ஸ்ல டைம்சோன், எந்த ஊர் நேரம்னு கேக்குற இடத்துல, டொரொன்டோன்னு இருக்கு. நமக்கும் அதுக்கும் இப்ப சரியா பன்னெண்டு மணி நேரம் வித்தியாசம் லா, அதான் மணி ஒரே மாதிரி தெரியுது, ஆனா அங்க இப்ப ராத்திரி. கோலாலம்பூர் போட்டு சேவ் பண்ணுங்க."

மாற்றுகிறார். 'காலை வணக்கம்' என்று வருகிறது.

"யாரும்மா இப்படி வெச்சது?"

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம். "ரெண்டு வருஷம் முன்னால உங்க வைஃப்தான் கால் பண்ணி மாத்தச் சொல்லியிருக்காங்க அங்கிள். மக டொரொன்டோல வேலை முடிஞ்சு ராத்திரிதான் பார்ப்பாங்கன்னு ரெக்கார்டுல இருக்கு."

வெளியே மோனோரயில் வளைவில் உராய்ந்து போகிறது. கிரிகரி மறுபடி டைம்சோன் பட்டியலைத் திறந்து ஊர் ஊராகத் தள்ளிக்கொண்டே போய், டொரொன்டோவில் நிறுத்தி சேவ் செய்கிறார். திரை ஒரு கணம் வெளுத்துத் திரும்புகிறது: இரவு வணக்கம்.

"சரியாயிருச்சா அங்கிள்?"

"முன்னாடியே சரியாத்தான் இருந்துச்சும்மா."