முப்பது கிலோ கூடுதல்

ஷோபனா கேப்டனாகப் பறந்த முதல் நாள் அது. மதுரையிலிருந்து சென்னைக்கு வரும் வழியில் கீழே செஞ்சி மலைகளும், அருகே அவள் பிறந்த சிங்கவரமும் தெரிந்தன. இறக்கைத் தொட்டிகளிலிருந்து பம்புகள் எரிபொருளை என்ஜின்களுக்குத் தள்ளிக்கொண்டிருந்தன. பறக்கும்போது அது குறையத்தான் செய்யும். ஆனால் திரையில் 3,120 கிலோ என்றிருந்தது 3,150 ஆனது.

துணை விமானி இளவரசன் பம்புகளைச் சரிபார்த்தான். கோளாறு இல்லை. சென்னையில் இறங்கியதும் பொறியாளர் தொட்டியை அளவுகோல் வைத்து அளந்து பார்த்தார். இருக்க வேண்டியதைவிட உண்மையாகவே முப்பது கிலோ அதிகம் இருந்தது.

ஷோபனா வீட்டில் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலை ஊருக்குப் போனாள். பாவாடை என்ற பெயருடைய அவள் அப்பா, மல்லாட்டை என்னும் நிலக்கடலை போட்டிருந்த கொல்லையில் தண்ணீர் இறைக்கும் என்ஜினுக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"நேத்து தலைக்கு மேல போனியே, பாத்தேன்."

"நான்தான்னு தெரிஞ்சுதா நைனா?"

"தெரியாம இன்னா? அந்த முப்பது கிலோ பத்துச்சா பாப்பா?"

ஷோபனா ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"பத்துச்சு நைனா."

அவர் கேனை மூடி நிழலில் வைத்தார்.

"அடுத்த வாட்டி முன்னாடியே சொல்லு. நெறைய ஊத்துறேன்."