ஊசிக்குத்தான் கேக்கும்

ரிங் போகுது.

போனைக் காதோட அழுத்திக்கிட்டு மாடிப்படியில உக்காந்திருக்கான். பதினோரு மணி வெயில். கீழ மெஸ்ஸுல காலை வியாபாரம் முடிஞ்சு தோசைக்கல்லைத் தேய்க்குற சத்தம்.

புனேக்கு வந்து ரெண்டு வருசம். பொண்டாட்டிகிட்ட பேசி எட்டு மாசம்.

எழுதி அனுப்புவான். சாப்பிட்டேன். நல்லாருக்கேன்.

இங்க வந்தப்புறம் பேசினா குரல் நடுங்கும். அவன் அழுவுறான்னு செல்லக்கனி நெனச்சுக்குவா. அழல புள்ளம்பான். அதையும் நடுங்கித்தான் சொல்லுவான். உடனே அவ அழ ஆரம்பிச்சிருவா. எல்லாத்தையும் போட்டுட்டு வந்துருங்கம்பா.

அதான் பேச்சையே நிப்பாட்டிட்டான்.

ஒரு நாள் அவ எழுதிக் கேட்டா. கை மட்டுந்தான் வேலைக்குப் போயிருக்கா, வாயை எவ வீட்டுலயாவது அடகு வச்சிருக்கீங்களான்னு.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனான்.

இன்னும் எடுக்கல. ரிங் போகுது.

ஆஸ்பத்திரி பெஞ்சுல பக்கத்துல ஒரு மராத்தி டெய்லர். அவருக்கும் குரல் நடுங்கும். கூடவே கையும் நடுங்கும். பையிலேருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினாரு. இதப் போட்டப்புறம் நூல் கோக்குறேன்னு கையாலயே செஞ்சு காட்டினாரு.

இவனும் அதையே வாங்கி ஒரு மாசம் முழுங்கினான். தலை சுத்துனதுதான் மிச்சம்.

நர்ஸ் ஜெபராணிதான் திட்டினா. நாகர்கோவில்காரி. அந்த ஆஸ்பத்திரியில அவனுக்குப் புரியுற ஒரே ஆளு.

"அவருக்கு வந்தது வேற நடுக்கம்ணே. அது மாத்திரைக்குக் கேக்கும். உங்களுக்குத் தொண்டைத் தசை தானா இறுக்குது. இது ஊசிக்குத்தான் கேக்கும்."

டாக்டர் அவனைப் பாடச் சொல்லிப் பாத்தாரு. பாடினப்ப நடுங்கல. வெக்கத்துல சிரிச்சான். அப்பவும் நடுங்கல. பேச வாயத் தெறந்தாத்தான்.

கடைசியாப் பாடினது எப்பன்னு அவனுக்கே ஞாபகம் இல்ல.

கழுத்துல ஊசி எறங்குறப்ப ஈன்னு இழுக்கச் சொன்னாரு. டாக்டருக்குத் தமிழ் தெரியாது, இவனுக்கு இந்தி அரைகுறை. ஈ சொல்ல எந்த பாஷையும் வேண்டியதில்ல. ஊசி சரியான தசைக்குப் போச்சான்னு காட்டுற மெஷின்ல தகரத்து மேல மழை பேயுற மாதிரி சத்தம். ஜெபராணி அவன் கையை விடவே இல்ல.

ரெண்டு வாரம் வெறும் காத்துதான் வரும்னாங்க. அப்புறம் குரல் வரும். மூணு மாசம், மிஞ்சிப்போனா நாலு மாசம் நிக்கும். மறுபடி வந்து போட்டுக்கணும்.

மூணு மாசம்.

போதும்னு தலையாட்டினான்.

அந்தக் காத்துக் குரல்லயே ஜெபராணிக்கு நன்றி சொல்லப் போனான். குரல் வரட்டும்ணே, மொதல்ல வீட்டுக்குப் பேசுங்க, எனக்கு மெதுவா சொல்லிக்கலாம்னுட்டா.

இன்னிக்குப் பதினாறாம் நாளு.

ரிங் நின்னுச்சு.

"கனி, நாந்தான். கேக்குதா?"

 அந்தப் பக்கம் ஒரு மூச்சு.

"கேக்குது. இன்னிக்குத்தான் அழாம பேசுறீங்க."

"ஆமா புள்ள."

குரல் ஒரு பொட்டு ஆடல.

சட்டைக் கையை இழுத்துக் கண்ணைத் தொடச்சான். இன்னொரு தரம் தொடச்சான்.