ஆயுத பூஜை பேக்கப்

ஆயுத பூஜையன்று வண்டிக்குச் சந்தனம் வைத்த கையோடு, வீட்டிலுள்ளவர்களின் மூளைக்கும் பேக்கப் எடுத்துவிடுவது பொற்கொடி வீட்டு வழக்கம். பக்கவாதம் வந்து கணவன் சுடலைமுத்துவின் நினைவெல்லாம் அழிந்துபோனபோது அந்த வழக்கம்தான் கைகொடுத்தது.

"ரெண்டு பேக்கப் இருக்கும்மா. போன வருஷத்தப் போடவா, இந்த வருஷத்தப் போடவா?" என்று கேட்டாள் ஆஸ்பத்திரி டெக்னீஷியன்.

பொற்கொடி கொழுந்தன் வைரவனைப் பார்த்தாள். அந்த ஒரு வருஷத்தில்தான் அண்ணனும் தம்பியும் பொதுச்சுவருக்காக அடித்துக்கொண்டு, முகத்தில் முழிக்காமல் போனார்கள். பழையதைப் போட்டால் அந்தச் சண்டையே நடந்திருக்காது. ஆனால் அதே வருஷத்தில்தான் மகளும் பிறந்தாள்.

"புதுசையே போடச் சொல்லுங்க மதினி," என்றான் வைரவன். "பெத்த பிள்ளையத் தெரியாம அண்ணன் முழிக்கக் கூடாது. என்னைய ஏசுனா ஏசிட்டுப் போறான்."

சாயங்காலம் சுடலைமுத்து கண் திறந்தான். மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு கட்டிலின் கால்மாட்டில் நின்ற தம்பியைக் கண்டதும் அவன் முகம் கடுத்தது.

"ஏட்டி, இவன யாரு உள்ள விட்டது?"

பொற்கொடிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வைரவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

"அண்ணன் கொஞ்சங்கூடக் குறையாம வந்துட்டான் மதினி!"