கறுப்பு நுனிச் சுறா

“பெத்த பொண்ணைத் தண்ணியில விட்டுட்டு நீங்க முதல்ல படகுல ஏறிட்டீங்களாமே, மாப்பிள்ளை? நிஜம்தானா?”

செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டாள் கனகவல்லி. லோத்குண்டாவிலிருந்து பஸ் மாறி, பஸ் மாறிப் பட்டான்செரு வரைக்கும் வெயிலில் வந்த எரிச்சலும் அதில் கொஞ்சம் சேர்ந்திருந்தது.

இளங்கோவன் அசட்டுச் சிரிப்பு சிரித்தான். “உட்காருங்க அக்கா. மோர் சாப்பிடுங்க.”

“மோர் கிடக்கட்டும்.”

கனகவல்லி, இளங்கோவனின் முதல் மனைவிக்கு உடன்பிறந்த அக்கா. தங்கை காய்ச்சலில் போய்ச் சேர்ந்து, இளங்கோவன் ஜலஜாவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்தே தங்கை மகள் நீலாவின் மேல் அவளுக்கு ஒரு கண். பெண்ணுக்கு இங்கே ஒரு குறை என்று தெரிந்தால் போதும், கையோடு கூட்டிக்கொண்டு போகத் தயாராக இருந்தாள்.

இப்போது குறை கிடைத்துவிட்டது.

கம்பெனி தரும் எல்.டி.சி. விடுமுறைப் பயணச் சலுகையில் ஊர் சுற்றிவிட்டு வந்தால் காலனியில் கதை சொல்லியாக வேண்டும். கம்பெனி குவார்ட்டர்ஸில் அது எழுதாத சட்டம். டெல்லி, காசி என்று கேட்டுச் சலித்த ஜனங்கள், அந்தமான் போய்ச் சுறாவையே பார்த்துவிட்டு வந்த குடும்பத்தை விடுவார்களா? நீலா வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். கேன்டீனில் இளங்கோவனுக்கு ‘சுறா சார்’ என்று பேரே வைத்துவிட்டார்கள். கதை பஸ் ஏறி லோத்குண்டாவுக்கும் போயிருந்தது.

“நீலா, இங்க வா. என்னடி நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லு.”

“ஹவ் பெரியம்மா, சொல்றேன்.” எட்டாவது படிக்கும் நீலா, உள்ளூர் உருதுவில் ஆமாம் போட்டபடி துள்ளிக்கொண்டு வந்தாள். “கண்ணாடி மாட்டிக்கிட்டு, வாயில ஒரு குழாய் வச்சுக்கணும். மூஞ்சியைத் தண்ணிக்குள்ள விட்டு மிதக்கணும். லைஃப் ஜாக்கெட் இருக்கு, முழுக மாட்டோம். கீழ பார்த்தா பவளப் பாறை, நீல மீன், மஞ்ச மீன்... அப்பதான் பாறைக்குப் பின்னாலிருந்து வந்துச்சு.”

“எவ்ளோ பெருசு?”

“இந்த சோபா நீளம். சாம்பல் கலர். முதுகுத் துடுப்போட நுனி மட்டும் மையில தோய்ச்ச மாதிரி கறுப்பு.”

“ஐயையோ! நாகப்பட்டினத்துல பொறந்தும் நான் சுறாவைப் புட்டாத்தான் பார்த்திருக்கேன். அப்புறம்?”

“அப்புறம் என்ன, அப்பா ஜூட்! என் தோள்ல காலை வச்சு ஏறி, படகுக்குள்ள போய் விழுந்துட்டாரு.”

கனகவல்லி திரும்பி இளங்கோவனைப் பார்த்த பார்வைக்கு அந்தச் சுறாவே தேவலை.

“நீ என்ன பண்ணே?”

“சித்திதான் என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ‘துடுப்பு நுனி கறுப்பா இருக்கு, உடம்புல வரி கிடையாது. இது நம்மளை ஒண்ணும் பண்ணாது. கையைக் காலை உதறாம இரு’ன்னு சொன்னாங்க.”

“வாயிலதான் குழாய் இருந்துச்சே. எப்படிச் சொன்னா?”

சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜலஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நீலா ஒரு நிமிஷம் விழித்தாள். “குழாயை எடுத்துட்டுத்தான் சொன்னாங்க. வாயெல்லாம் உப்புத் தண்ணி. அப்புறம் தொண்டை கட்டிக்கிச்சு, பாவம்.”

“சுறாவோட சாதி சனமெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும்?”

“படகுக்காரர் கரையிலேயே சொன்னாரு பெரியம்மா. கறுப்பு நுனி இருந்தா பயப்பட வேண்டாம், நம்மளைப் பார்த்து அதுதான் ஓடும். வரி போட்டிருந்தா மட்டும் சத்தமில்லாம படகுக்கு வந்துடுங்கன்னு. அப்பா காதுல வாங்கவே இல்ல.”

இளங்கோவன் தலைக்கு மேலே சுற்றும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கனகவல்லி எழுந்து போய் ஜலஜாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் இன்னிக்கு இவளைக் கூட்டிட்டுப் போயிடணும்னுதான் வந்தேன். எங்க பக்கத்து ஸ்கூல்ல சீட்டுக்குக்கூடப் பேசி வச்சுட்டேன். பெத்த அப்பனே விட்டுட்டு ஓடினப்ப நீ கூட இருந்தியேம்மா! இனிமே எனக்கு ஒரு கவலையும் இல்ல. என் தங்கச்சி புள்ள உன் புள்ளதான்.”

தன் தலையிலிருந்த பூவைக் கிள்ளி ஜலஜாவுக்கு வைத்துவிட்டாள். ஜலஜா பொலபொலவென்று அழுதாள். பாவம், வெள்ளை மனசு என்று நினைத்துக்கொண்டாள் கனகவல்லி. எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, இளங்கோவனிடம் மட்டும் சொல்லாமல், பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ ஏறினாள்.

ஆட்டோ தெருமுனை திரும்பியதும் ஜலஜா நீலாவை இழுத்து எதிரே நிறுத்தினாள்.

“ஏண்டி இப்படிச் சொன்னே? உங்கப்பா முகத்தைப் பார்க்க முடியல எனக்கு. உன் தோள்ல காலை வச்சுப் படகுல ஏறினவ நான். உன் கையைப் பிடிச்சுக்கிட்டு, பயப்படாதேன்னு சொன்னது அவரு!”

“என்னைக் கேட்டா சொன்னா? அவ காலனி பூரா சொல்லி முடிச்சப்புறம்தான், நான் ஓடிப்போனது எனக்கே தெரியும்,” என்று சிரித்தான் இளங்கோவன்.

நீலா தன் பாவாடை நுனியால் சித்தியின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

“அழுறது நக்கோ, வேணாம் சித்தி. அப்பாவை யாரு என்ன திட்டினாலும் அவரு எனக்கு அப்பாதான். ஆனா உங்க பேரைச் சொல்லியிருந்தா, பெரியம்மா என்னை உங்ககிட்ட விட்டு வச்சிருப்பாங்களா?”